கச்சத்தீவு: ஒரு வினைச்சொல்லின் சரித்திரம்

ஓசூரிலிருந்து கடல் வெகுதூரம். இங்கே எல்லை என்பது ஜூஜூவாடிக்கும் அத்திப்பள்ளிக்கும் நடுவே லாரிகள் ஊரும் ஒரு தார்ரோடு. சிப்காட்டில் ஷிஃப்ட் முடித்தவன் பஸ் ஏறி அந்தப் பக்கத்து வீட்டுக்குப் போகிறான். கோட்டைத் தாண்டிய பிரக்ஞை அவனுக்கு இல்லை. ஆனால் கோடு சும்மா விழவில்லை. 1956-இல் ஓசூர் சென்னை ராஜ்யத்தோடு நின்றது. கோவை ஜில்லாவின் கொள்ளேகால் மைசூருக்குப் போயிற்று. மசோதா ராஜ்ய சட்டசபைகளின் கருத்துக்கு அனுப்பப்பட்டது. பார்லிமெண்ட் சட்டம் இயற்றியது. நிலத்தில் விழும் கோட்டுக்கு இத்தனை சடங்கு. நீரில் விழுந்த கோட்டின் கதை வேறு.

கச்சத்தீவு 285 ஏக்கர். நிரந்தரக் குடிகள் இல்லை. அந்தோணியார் கோயில் ஒன்று உண்டு. ராமநாதபுரம் ஜமீன் அதைத் தன் சொத்தாகக் கருதிக் குத்தகைக்கு விட்டது. 1921-இல் சென்னை, இலங்கைப் பிரதிநிதிகள் மீன்பிடி எல்லை பேசியபோது கோடு தீவுக்கு மேற்கே மூன்று மைல் தள்ளி வரையப்பட்டது. ஜமீன் உரிமையை இந்தியத் தரப்பு விட்டுக்கொடுக்கவில்லை; உடன்பாட்டை லண்டன் ஊர்ஜிதம் செய்யவுமில்லை. இரு கரையும் ஒரே முடியின் கீழ் இருந்த காலம் அது. முடி போனபின், ஒரே கச்சேரியின் இரண்டு மேஜைகளுக்கிடையே கிடந்த வழக்கு இரண்டு தேசங்களின் வழக்காயிற்று.

1974 ஜூன் இறுதியில் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் தீவு இலங்கைப் பக்கம் விழுந்தது. 'தாரை வார்த்தார்கள்' என்பது நம் மேடைகளின் வினைச்சொல். தாரை வார்க்கப் பொருள் முதலில் கையில் இருக்க வேண்டும். தில்லி மறுத்தது அதைத்தான்: உரிமை தீராத இடத்தில் எல்லையைத் தீர்த்தோம், எதையும் கொடுக்கவில்லை என்றது. இது வெறும் இலக்கணமல்ல. பேருபாரியைப் பாகிஸ்தானுக்குக் கொடுக்க அரசியல் சட்டத்தைத் திருத்தியாக வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 1960-இல் சொல்லியிருந்தது. ஒன்பதாவது திருத்தம் வந்தது. 'கொடுத்தல்' என்றால் திருத்தம். 'தீர்த்தல்' என்றால் கையெழுத்து போதும். ஆகஸ்ட் 1974-இல் தமிழகச் சட்டசபை போட்ட தீர்மானம் நடந்து முடிந்ததற்கு எதிரான குரல் மட்டுமே.

நம் கோபம் 1974-இலேயே நின்றுவிடுகிறது. அந்த ஒப்பந்தத்தின் ஐந்தாம் பிரிவு மீனவரும் யாத்ரீகரும் விசாவின்றித் தீவுக்குப் போய்வர அனுமதித்தது. ஆறாம் பிரிவு இரு நாட்டுக் கலங்களுக்கும் மரபான உரிமைகளை வைத்தது. மண் போயிற்று, புழக்கம் மிஞ்சியது. புழக்கத்தைப் பறித்தவை 1976 மார்ச் 23 அன்று அதிகாரிகள் மாற்றிக்கொண்ட கடிதங்கள்: ஒரு நாட்டவர் மற்றதன் கடலில் அனுமதியின்றி மீன் பிடிக்கலாகாது. அப்போது நெருக்கடி நிலை. ஜனவரி 31 அன்று தமிழக அரசு கலைக்கப்பட்டிருந்தது. தீர்மானம் போடக்கூட ஒரு சபை இல்லை. மண்ணை இழந்த நாள் நமக்கு மனப்பாடம். மீனை இழந்த நாள் ஞாபகத்திலில்லை.

ஆகவே 1991-இலும் 2025 ஏப்ரலிலும் தமிழகச் சட்டசபை கேட்டது தீவைத்தான். தீவு நாளையே திரும்பினாலும் கோடு சில மைல்கள் நகரும், அவ்வளவே. நம் விசைப்படகுகள் அதற்கும் அப்பால், யாழ்ப்பாணக் கரைவரை போகின்றன. அவற்றின் இழுவைமடியில் கிழிவது அங்குள்ள சிறு மீனவனின் வலை. யுத்தம் முடியும்வரை கடலே மறுக்கப்பட்டிருந்த அவனும் தமிழ்தான் பேசுகிறான். 2017-இல் இலங்கை இழுவைமடியைச் சட்டத்தால் தடுத்தபோது முதலில் கேட்டது அவன் குரல். 'நம் தீவு' என்னும் சொல்லில் அவனுக்கு இடமில்லை.

எல்லைக்கோடு யாருடையது என்ற கேள்வியை ஓசூரில் தினமும் கடந்துபோகிறவன் கேட்பதில்லை. போய்வர முடிகிறதா என்பதே அவன் கேள்வி. ராமேஸ்வரத்தில் சிறைமீண்டு வருகிறவனின் கேள்வியும் அதுவே. பதில் 285 ஏக்கரில் இல்லை. 1976-இல் நம்மைக் கேட்காமல் எழுதப்பட்ட கடிதங்களிலும், நாமே இறக்கிய மடிகளிலும் இருக்கிறது.