பயில்வானுக்குப் பாலும் பெண்பிள்ளைக்கு நல்லெண்ணெயும்

தேகபலத்தையே ஜீவனமாகக் கொண்டவர்கள் உண்ட உணவின் அளவைக் கேட்டு வியப்பது எல்லா நாட்டாருக்கும் பொதுவான சுபாவம். பகாசுரனுக்கென்று அனுப்பிய வண்டிச் சோற்றை வழியிலேயே உண்டு தீர்த்த பீமனை நாம் கொண்டாடுவது போலவே, பழைய கிரேக்கரும் தங்கள் மல்லன் மிலோ தின்ற இறைச்சிக்குக் கணக்குச் சொல்லி மகிழ்ந்தனர். ஆனால் அத்தனை சோற்றுக்கும் படியளந்தவர் யார் என்று விசாரிப்போர் அரியர். அந்த விசாரணையை ஆறும் மேய்ச்சல் நிலமும் இல்லாத யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறையில் நின்று செய்தால், எதிர்பாராத இடத்தில் விடை கிடைக்கிறது.

முதலில் வடநாட்டைப் பார்ப்போம். காமா என்று பேர்பெற்ற குலாம் முகம்மது, 1910இல் லண்டனில் போலந்து மல்லன் ஸ்பிஸ்கோவுடன் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் பொருது வெற்றி தோல்வியின்றிப் பிரிந்தவர்; மறுவாரம் எதிரி களத்துக்கே வராமையால் பட்டம் பெற்றவர்; 1928இல் பட்டியாலாவில் அதே எதிரியை ஒரு நிமிஷத்துக்குள் மண்ணில் வீழ்த்தியவர். அவருடைய ஆகாரம் பால், நெய், பாதாம், எலும்பும் இறைச்சியும் காய்ச்சிய ரசம் என்பவற்றால் அமைந்தது. நாளொன்றுக்கு எத்தனை படி பால் என்பதில் மட்டும், சொல்லுந்தோறும் கணக்கு ஏறிக்கொண்டே போவதால், அதை நான் பொருட்படுத்துவதில்லை. பொருட்படுத்த வேண்டியது, அந்தப் பாலுக்குப் பணம் கொடுத்தவை தாட்டியா, பட்டியாலா முதலிய சமஸ்தானங்கள் என்பதே. சமஸ்தானங்கள் மறைந்தபின் லாகூரில் வறுமையோடும் நோயோடும் போராடி 1960இல் அவர் காலமானார். ஜப்பானியச் சுமோ மல்லர் காலையில் வெறும் வயிற்றோடு பயிற்சி முடித்து, மீனும் கோழியும் காய்கறியும் ஒன்றாய்க் கொதிக்கும் சாங்கோ சட்டியைச் சூழ்ந்திருந்து உண்டு, உண்டபின் உறங்கிப் பெருக்கிறார்கள். அங்கே அரசனுக்குப் பதிலாக மல்லர் விடுதி படியளக்கிறது.

காங்கேசன்துறையின் நிலமோ சுண்ணக்கல். 1905இல் கொழும்பிலிருந்து நேரே வந்து சேர்ந்த இருப்புப்பாதையும், 1950இல் அந்தக் கல்லை நம்பியே எழுந்த சீமெந்துத் தொழிற்சாலையும் ஊருக்குப் பேர் தந்தன. எருமைப் பால் தரவில்லை. வலை இழுத்தவனுக்கும் துலா மிதித்தவனுக்கும் மூடை சுமந்தவனுக்கும் பலம் தந்தது பனையும் கடலும் கூடிய ஒடியற் கூழ். பனங்கிழங்கைப் பச்சையாய்க் கிழித்து உலர்த்தி இடித்த மாவைத் தண்ணீரில் ஊறவைத்து, கசப்பு நீங்க நீரை வடித்துவிட்டு, மீன்தலை, நண்டு, இறால், பயற்றங்காய், மரவள்ளி, பலாக்கொட்டை, முருங்கையிலை எல்லாம் வெந்த பானையில் புளியும் செத்தல் மிளகாய்க் கூட்டும் சேர்த்துக் கரைத்து, பனையோலைப் பிளாவில் ஊற்றிக் குடிப்பார்கள். பானையைச் சூழ்ந்திருக்கும் கோலத்தில் இது சாங்கோவுக்கு உறவுதான். ஆனால் நோக்கத்தில் அன்று. உடலைப் பெருக்க உண்டதில்லை இது. வேர்வையாய்ப் போனதை ஈடுசெய்ய உண்டது. 1942இல் பர்மா வீழ்ந்து அரிசி வரவு நின்றபோது, இந்த மாவின் மதிப்பு நெல்லுச்சோற்றுப் பெருமை பேசியவர்களுக்கும் விளங்கிற்று.

அப்படியாயின் உடலைக் கட்டுவதற்கென்றே, கிரமம் வகுத்து, வயிறு மறுத்தாலும் ஊட்டிய உணவு இவ்வூரில் இருந்ததே இல்லையா? இருந்தது, ஆனால் அது ஆண்பிள்ளைக்கு உரியதன்று. பெண் பெரியபிள்ளையானாள் என்ற செய்தி பரவியதும், யாழ்ப்பாணத்து மற்ற ஊர்களிற்போல இங்கும், விடியற்காலையில் அம்மம்மா முட்டையின் தலையை மெல்லத் தட்டி உடைத்து, பச்சையாகவே பிள்ளையின் வாயில் ஊற்றிவிட்டு, வெறுங்கோதை நல்லெண்ணெயால் நிரப்பி நீட்டுவாள். "மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரே மடக்கிலை விழுங்கு பிள்ளை, இடுப்புக்குப் பலம்" என்று அவள் சொல்லும்போது, குமட்டலுக்கு அங்கே செல்வாக்கில்லை. முட்டையில் ஏறத்தாழ 70 கலோரி. எண்ணெயில் ஒரு மேசைக்கரண்டிக்கு ஏறத்தாழ 120. கோது நிறைய என்றால் மூன்று கரண்டிக்கு அதிகம் குறையாது. ஆகவே பொழுது புலருமுன் 400 கலோரி உள்ளே போய்விடும். அதன்பின் உழுத்தங்களி: வறுத்த உழுந்தின் மாவும் அரிசிமாவும் தேங்காய்ப்பாலில் பனங்கட்டியோடு கலந்து, எண்ணெய் விட்டு விட்டு, சட்டியில் ஒட்டாமல் திரண்டு வரும்வரை கை ஓயாமல் கிண்டியது. இடைநேரத்துக்கு எள்ளுப்பாகு. பிள்ளைப்பேற்றின் பின்னும் இதே கரிசனை வேறு பத்தியத்தோடு தொடரும். சரக்குக்கறியும், பால் சுரக்கவென்று பால்சுறாவும் இலைக்கு வரும்.

இந்தச் செலவை ஒரு வீடு தனியே தாங்குவது எளிதன்று. மாமிமார் முறைவைத்துக் களி கிண்டிக்கொண்டு வருவார்கள். முட்டையும் எண்ணெய்ப் போத்தலும் இனசனத்தின் கையோடு வந்து சேரும். காமாவுக்குச் சமஸ்தானம் செய்ததை இங்கே சுற்றம் செய்தது; அரசன் மாண்டால் நின்றுபோகும் போஷணையன்று என்பதனால், இதனையே நான் உயர்வாக மதிக்கிறேன். மல்லனுக்குப் பரிசும் பட்டமும் உண்டு. இந்தப் பிள்ளைகளின் தேகப்பயிற்சிக்கு, அடுத்த நாற்பதாண்டு வீட்டு வேலையைத் தவிர, களமொன்றும் இருக்கவில்லை என்பது வேறு கதை.

1990இல் ஊர் முழுவதும் இடம்பெயர்ந்து, மண் உயர் பாதுகாப்பு வலயமாய் அடைபட்டபோதும், வழக்கம் சனங்களோடு புறப்பட்டுச் சென்றது. ரொறன்ரோவிலும் லண்டனிலும் இன்றும் மாமிமார் களி கிண்டுகிறார்கள். உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகும் இளைஞரோ, புரத மாவு டப்பாவுக்குக் காசு போதாதபோது பச்சை முட்டையை உடைத்துக் குடிக்கின்றனர். பெல்ஜியத்து வைத்தியர் சிலர் 1998இல் வெளியிட்ட ஆய்வின்படி, வெந்த முட்டையின் புரதத்தில் பத்தில் ஒன்பது பங்கு உடலிற் சேர, பச்சை முட்டையின் புரதத்தில் ஏறத்தாழப் பாதியே சேர்கிறது. ஆகையால் அம்மம்மாவின் கிரமத்தில் முட்டையைக் காட்டிலும் அடுப்பில் வெந்த களிக்கே கூடிய மதிப்புக் கொடுக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.