ஏர் பிடித்தவரும் ஏட்டில் ஏறாதவரும்

பங்கின் வரலாறு என்றவுடன் கோவிலுக்கு அடிக்கல் நாட்டிய நாளும், பணியாற்றிய குருக்களின் வரிசையும், மணி வாங்கிய கதையும் நினைவுக்கு வரும். அவை இம்மலரின் பிற பக்கங்களில் இடம் பெற்றுள்ளன. நாம் இங்கு எழுத முற்படுவது நம் மக்கள் உழுத மண்ணின் வரலாறு. செங்கற்பட்டுச் சீமையில், சென்னை நகரின் விளிம்பில் வாழும் நமக்கு இது கோவில் வரலாற்றைவிடப் பழையது. கண்ணீரும் இதில் அதிகம்.

1763இல் ஆர்க்காட்டு நவாப் இச்சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக அளித்தார். 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்பவர் ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். அக்காலத்தில் ஊர் நிலம் மிராசுதாரர் எனப்பட்ட காணியாளர் கையில் இருந்தது. பின்னர் சர் தாமஸ் மன்றோ கவர்னராக இருந்த ஆண்டுகளில் (1820-1827) ரயத்துவாரி முறை மாகாணத்தில் நிலைபெற்றது. அரசுக்கும் உழவனுக்கும் இடையே தரகர் இல்லை. பட்டா பெற்றவன் தீர்வை கட்டுவான், அவன் நிலத்தை எவரும் பறிக்க இயலாது. கேட்க நல்ல ஏற்பாடுதான். ஆனால் பட்டா யார் பெயரில் எழுதப்பட்டது? காணியாளர் பெயரில். சேற்றில் இறங்கி ஏர் பிடித்த படியாள் படியாளாகவே இருந்தான்.

தரிசு நிலம் வேண்டுவோர் தாசில்தாரிடம் தர்க்காஸ்து மனு கொடுக்கலாம் என்று விதி இருந்தது. ஏழைக்கும் அது பொதுதானே என்று நாம் எண்ணுவோம். செங்கற்பட்டிலோ ஊர்த் தரிசின்மேல் மிராசுதாரருக்கே முன்னுரிமை. சேரியிலிருந்து ஒருவன் மனுப் போட்டால், "அந்த நிலம் எமக்கு வேண்டும்" என்று மிராசுதாரர் ஒரு சொல் சொன்னால் முடிந்தது. குடிசை நின்ற மனையும் தமதே என்று அவர்கள் உரிமை கொண்டாடினர். கூலி போதவில்லை என்று முணுமுணுத்தவன் குடிசையையும் இழக்க நேரிடும்.

1891ஆம் ஆண்டில் இரண்டு எழுத்துகள் பிறந்தன. உரோமையில் திருத்தந்தை 13ஆம் லியோ, தொழிலாளர் நிலை குறித்து "ரேரும் நோவாரும்" என்னும் சுற்றுமடலை வெளியிட்டார். அதே ஆண்டில் செங்கற்பட்டுக் கலெக்டர் ட்ரெமன்ஹீர், தம் மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலை குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் தொடர்பு ஏதும் இல்லை. ஆயினும் இவ்விரண்டையும் சேர்த்து நினைப்பது நமக்கு வழக்கம். ட்ரெமன்ஹீருக்கு முன்பே இக்குறையை அரசின் காதில் போட்டவர்களுள் வெஸ்லியன் சபையின் வில்லியம் கௌடியும், ஸ்காட்லாந்து சபையின் ஆடம் ஆண்ட்ருவும் முக்கியமானவர்கள். அவர்கள் நம் திருச்சபையினர் அல்லர். நன்றி கூற அது தடையன்று.

1892இல் அரசாணை பிறந்தது. ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் தரிசு நிலம் ஒப்படைக்கப்பட்டது. இதுவே பஞ்சமி நிலம். மாகாணம் முழுவதும் சுமார் 12 லட்சம் ஏக்கர் வழங்கப்பட்டதாகப் பொதுவாகக் கூறுவர். முதல் பத்தாண்டுகள் விற்கவோ அடகு வைக்கவோ கூடாது; அதன்பின் விற்றாலும் அதே மக்களுக்கே விற்க வேண்டும்; மீறினால் அரசே நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் என்பன நிபந்தனைகள். நிபந்தனைகள் ஏட்டில் இருந்தன. நிலமோ கடனுக்கும் கைநாட்டுக்கும் பெருமளவு கைமாறியது. நகரம் நெருங்க நெருங்க, ஏக்கர் கணக்கு சதுர அடிக் கணக்காயிற்று. மாமல்லபுரத்தை அடுத்த காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்க மக்கள் எழுந்தனர். 1994 அக்டோபர் 10 அன்று செங்கற்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்னும் இருவர் உயிர் துறந்தனர். அவர்களுக்காகச் செபிப்பது நம் கடமை.

நகரம் வந்த வழியை விரித்துரைக்கத் தேவையில்லை. நம் பெரியவர்கள் கண்ணால் கண்டது. 1955இல் பெரம்பூர் இரயில் பெட்டித் தொழிற்சாலை, 1958இல் கிண்டி, 1960களில் அம்பத்தூர், 1990களின் பிற்பகுதியில் ஸ்ரீபெரும்புதூர் மோட்டார் தொழிற்சாலை. வேலை கிடைத்தது, பிள்ளைகள் படித்தனர். அதை மறுப்பது நன்றிகெட்டதனம். இன்று நாம் மந்திரிக்கச் செல்லும் புது வீடுகளில் எத்தனையோ நேற்றைய நஞ்சையில் எழுந்தவை. ஏரியின் ஆயக்கட்டு மனைகளானபின் வாய்க்காலைத் தேடுவார் இல்லை. 2015 டிசம்பரில் முடிச்சூரிலும் வரதராசபுரத்திலும் வெள்ளம் வீடு புகுந்தபோதுதான் பலருக்கு நீரின் பழைய வழி நினைவுக்கு வந்தது.

நிலம் எடுப்பதற்கான சட்டம் 1894இல் வந்தது. சந்தை மதிப்புக்கு மேல் 15 விழுக்காடு ஆறுதல் தொகை தந்தார்கள். 1984இல் அது 30 ஆயிற்று. 2013ஆம் ஆண்டுப் புதிய சட்டத்தில் 100. தொகை கூடியது உண்மை. ஆனால் அது பட்டாதாரருக்கு உரியது. குத்தகைக்கு உழுதவருக்கும் கூலிக்கு நாற்று நட்ட தாய்மாருக்கும் பழைய சட்டத்தில் பேருக்குத்தான் இடம் இருந்தது. புதிய சட்டம், மூன்றாண்டுகள் அந்நிலத்தை நம்பிப் பிழைத்தவரையும் பாதிக்கப்பட்ட குடும்பம் என ஏற்று மறுவாழ்வு உதவிக்கு வழி செய்கிறது. அதற்குச் சான்று வேண்டுமே! நம் மாநிலத்தில் 1955இலேயே குத்தகையாளர் பாதுகாப்புச் சட்டமும், 1969இல் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டமும் வந்தன. எனினும் வாய்ப்பேச்சுக் குத்தகையில் இருந்தோர், நிலக்காரரின் மனம் கோணுமே என்று பதிவு செய்யவில்லை. அடங்கலில் நிலக்காரர் பெயரே சாகுபடியாளர் பெயராகவும் நின்றது. படியாளுக்கு நூறாண்டுக்கு முன் நேர்ந்ததே குத்தகைக்காரருக்கும் நேர்ந்தது.

1980இல் பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் பதவிகள் ஒழிக்கப்பட்டன. 1979 முதல் 1987 வரை நில உடைமைப் பதிவேடுகள் புதுப்பிக்கப்பட்டன. அதில் பெயர் விடுபட்டவர்களும், உட்பிரிவு தவறியவர்களும் நம் பங்கிலும் உண்டு. சிலர் கிரயப் பத்திரம் பெட்டியில் இருக்கிறதே என்று நிம்மதியாக உள்ளனர். பத்திரம் வேறு, பட்டா வேறு. பட்டா தாத்தாவின் பெயரிலேயே நின்றால் நோட்டீசும் தாத்தாவின் பெயருக்கே வரும். அவரோ நம் கல்லறைத் தோட்டத்தில் துயில்கிறார். வாரிசுகள் தங்களுக்குள் ஒத்துப்போகாவிட்டால் பணம் வைப்புத் தொகையாகப் போய், ஆண்டுக்கணக்கில் அங்கேயே கிடக்கும்.

வாரிசுச் சான்றுடன் பட்டா மாற்ற மனுவை வட்டாட்சியர் அலுவலகத்தில் கொடுக்கலாம். ஆண்டுதோறும் ஜமாபந்தியின்போதும் கொடுக்கலாம். எழுதத் தெரியாதோர் ஞாயிறு இரண்டாம் திருப்பலிக்குப் பின் பங்கு இல்லத்துக்கு வரலாம். வரும்போது பழைய பத்திரம், தீர்வை ரசீது, வில்லங்கச் சான்று ஆகியவற்றை எடுத்து வருக. குத்தகைக்கு உழுவோர் கையில் உள்ள துண்டுச் சீட்டையும் எறிந்துவிடாமல் கொண்டு வருக.