கட்டடம் போகும், தெரு நிற்கும்

"வரலாறு பற்றி ஏதாவது எழுதுங்க" என்றது மலர்க்குழு. நானோ சிவில் படித்தவன். எனக்குத் தெரிந்த வரலாறு தெருக்களின் வரலாறுதான்.

முதலில் நம் பக்கத்துப் புதுச்சேரியைப் பாருங்கள். 1693 முதல் 1699 வரை அது டச்சுக்காரர் கையில் இருந்தது. நூல் பிடித்தாற்போல ஓடும் அதன் தெருக்களுக்கு அவர்கள் போட்ட திட்டமே அடிப்படை. 1761-இல் ஆங்கிலேயர் அந்த ஊரை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1765-க்குப் பிறகு பிரெஞ்சுக்காரர் மறுபடி கட்டியபோது பழைய தெருக்கோடுகளின் மேலேயே கட்டினார்கள். கட்டடம் எல்லாம் போச்சு, தெரு மட்டும் நின்றது!

தெருக்களின் இணைப்பை அளக்க ஓர் எளிய வழி உண்டு. நாற்சந்தி என்றால் 4, முச்சந்தி என்றால் 3, முட்டுச்சந்து என்றால் 1. இதன் சராசரி குறையக் குறைய, பக்கத்துத் தெருவுக்குப் போகக்கூட வண்டி எடுக்க வேண்டிவரும். அமெரிக்காவில் கார் பெருகப் பெருக முட்டுச்சந்துகளும் பெருகின. அங்கே புதுத் தெருக்களின் இணைப்பு 1990-களின் நடுவில்தான் மிக மோசமாக இருந்தது, பிறகு மெல்லத் தேறியது என்று 2015-இல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது.

இப்போது மரக்காணத்துக்கு வருவோம். 19-ஆம் நூற்றாண்டில் பக்கிங்ஹாம் கால்வாய் இந்த ஊரைச் சென்னையோடு இணைத்தது. 1990-களின் கடைசியில் கிழக்குக் கடற்கரைச் சாலை அந்த வேலையை எடுத்துக்கொண்டது. சாலை வந்தால் மனைப்பிரிவு பின்னாலேயே வரும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்பளமும் கழுவெளியும். நடுவில் இருக்கும் நிலம் கொஞ்சம்தான். இந்தக் கரையில் நான் பார்த்த மனை வரைபடங்கள் பலவற்றில் தெரு நெடுஞ்சாலையில் தொடங்கி மதில் சுவரில் முடிகிறது. அடுத்த மனைப்பிரிவுக்கு வழியே கிடையாது.

2016-இல் சென்னை உயர்நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளின் பத்திரப்பதிவைத் தடுத்தது. 2017-இல் அரசு வரன்முறைத் திட்டம் கொண்டுவந்தது. அதன்மூலம் மனைக்கு அங்கீகாரம் வாங்க வழி கிடைத்தது. ஆனால் வீடுகள் எழும்பிய பிறகு முட்டுச்சந்தை நாற்சந்தியாக்குவது லேசுப்பட்ட காரியமா? 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது மழை கொட்டித் தீர்த்தது. அப்படிப்பட்ட இரவில், இருக்கும் ஒரே வாசலில் தண்ணீர் நின்றால் ஆம்புலன்ஸ் எப்படி உள்ளே வரும்?

உப்பளத்துக்காரர்களுக்கு இது புதிதல்ல. வாய்க்காலில் வரும் உப்புநீர் பாத்தி பாத்தியாக மாறிப் போனால்தான் உப்பு விளையும். நடுவில் ஒன்றை அடைத்தால் அதற்கு அப்பால் வெறும் மண்தான்.

தம்பி தங்கைகளே, நாளை நீங்களும் மனை வரைபடம் போடுவீர்கள். தெருவை எல்லைவரை கொண்டுபோய்த் திறந்தே விடுங்கள். பக்கத்து நிலத்துக்காரர் நாளை அதில் வந்து சேரட்டும். நீங்கள் கட்டும் வீடு 50 ஆண்டு நிற்கலாம். போடும் கோடு 300 ஆண்டு நிற்கும்.