குள்ள சிக்லிட் வண்ணமீன்கள்: வீட்டுத் தொட்டியில் நோயின்றி வளர்க்கும் முறை

எலுமிச்சைக்குப் பெயர்பெற்ற புளியங்குடிப் பகுதியில் வீட்டில் வண்ணமீன் வளர்க்கும் விவசாயிகள், குள்ள சிக்லிட் வாங்கும் முன் இதைப் படியுங்கள். ராம், அபிஸ்டோகிராமா ஆகியவை தென் அமெரிக்க மீன்கள். கிரிபென்சிஸ் மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. பெரும்பாலும் 5 முதல் 10 செ.மீ. வரையே வளரும். அழகானவை, ஆனால் தண்ணீர் கெட்டால் முதலில் சாவதும் இவையே.

தொட்டி அமைப்பு

ஒரு ஜோடிக்கு 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரமுள்ள தொட்டி வேண்டும். இது சுமார் 56 லிட்டர் கொள்ளும். இம்மீன்கள் மண்ணை வாயில் அள்ளிச் சலித்துத் துப்பும். எனவே கூரான ஜல்லி வேண்டாம், கழுவிய மென்மணல் இடுங்கள். ஒளிந்துகொள்ளவும் முட்டையிடவும் ஓட்டை போட்ட தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்து வையுங்கள். ஒரே தொட்டியில் இரண்டு ஆண் மீன்கள் வேண்டாம். சண்டையில் ஒன்று சாகும்.

தண்ணீர்

புதுத் தொட்டியில் உடனே மீன் விடாதீர்கள். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பின் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை சிட்டிகை தீவனம் மட்டும் போட்டு ஸ்பாஞ்ச் ஃபில்டரை ஓட விடுங்கள்.

ராம், அபிஸ்டோகிராமா மீன்களுக்கு மென்னீர் தேவை. உங்கள் போர்வெல் தண்ணீர் உப்பாக இருந்தால், சுத்தமாகப் பிடித்த மழைநீரைக் கலந்து கொள்ளுங்கள். குழாய்த் தண்ணீரை அகன்ற வாளியில் 24 மணி நேரம் திறந்து வைத்தால் குளோரின் வெளியேறும். வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள். முழுவதையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். ஃபில்டர் ஸ்பாஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள்.

ராமுக்கு 27 முதல் 30 டிகிரி செல்சியஸ், மற்றவற்றுக்கு 24 முதல் 27 டிகிரி ஏற்றது. கோடையில் தொட்டியை வெயில் படாத இடத்தில் வைத்து, காற்றுக் குழாயை நிறுத்தாமல் ஓட்டுங்கள். மீன் மேலே வந்து வாய் பிளந்தால் ஆக்சிஜன் குறைவு என்று அறியவும்.

தோட்ட மருந்தில் கவனம்

எலுமிச்சை சொறிநோய்க்கு அடிக்கும் தாமிர மருந்தும், பைரித்திராய்டு வகைப் பூச்சிமருந்தும் மிகச் சிறிய அளவிலேயே மீனைக் கொல்லும். மருந்தடித்த கையைத் தொட்டிக்குள் விடாதீர்கள். குளித்து உடை மாற்றிய பிறகும், தொட்டி வேலையை வீட்டில் வேறொருவரிடம் விடுவதே நல்லது. மருந்து கலக்கிய வாளியை மீனுக்கு ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். தொட்டி உள்ள அறையில் கொசுமருந்தும் அடிக்க வேண்டாம்.

தீவனம்

தினம் இருமுறை, இரண்டு மூன்று நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவு மட்டும் போடுங்கள். மீதி அழுகினால் அம்மோனியா ஏறும். சாக்கடைப் புழுக்களைப் போடாதீர்கள். நோயைக் கொண்டு வரும்.

நோய் அறிகுறிகள்

உடலில் உப்புத்தூள் போல் புள்ளிகள் தெரிந்தால் வெண்புள்ளி நோய். இரண்டு நாளில் சிறிது சிறிதாக வெப்பத்தை 30 டிகிரிக்கு உயர்த்தி, லிட்டருக்கு 1 முதல் 2 கிராம் கல்லுப்பைக் கரைத்து விட்டு, காற்றோட்டத்தைக் கூட்டுங்கள். புள்ளி மறைந்தாலும் 10 நாள் தொடருங்கள். நிறம் கறுத்து, தீனி எடுக்காமல், வெள்ளை நூல் போல் கழிவு வந்தால் குடல் ஒட்டுண்ணியாக இருக்கலாம். அம்மீனைத் தனியே பிரித்து மீன்வளத் துறை அலுவலரையோ தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியையோ கேளுங்கள்.

சென்னை கொளத்தூர் போன்ற சந்தைகளிலிருந்து வரும் புது மீனை இரண்டு முதல் நான்கு வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்த பின்பே சேருங்கள். பை நீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள்.

வளர்க்க முடியாவிட்டால் குளத்திலோ கிணற்றிலோ விடாதீர்கள். 1952-ல் இந்தியாவுக்கு வந்த திலேப்பியாவும் சிக்லிட் இனமே. இன்று அது நம் குளங்களில் நாட்டு மீன்களின் இடத்தைப் பிடித்து நிற்கிறது. வேண்டாத மீனை வாங்கிய கடையிலோ, வளர்க்கும் வேறொருவரிடமோ கொடுத்துவிடுங்கள்.