அலையைத் திருப்பிய சில்லு



ரேடார் என்றதும் சுழலும் பெரிய கிண்ணம் நம் நினைவுக்கு வரும். எதையும் சுழற்றாமலே வானொலி அலையை வேண்டிய திசைக்கு அனுப்பலாம் என்று 1905-ஆம் ஆண்டிலேயே ஜெர்மானிய அறிஞர் ஃபெர்டினாண்ட் பிரவுன் காட்டினார். மூன்று ஏரியல்களை நிறுத்தி, ஒன்றின் அலையை மட்டும் சற்றுத் தாமதமாக்கினார். அலை ஒரு பக்கமாக வலுத்துச் சென்றது.

எப்படி என்கிறீர்களா? தோளோடு தோள் சேர்ந்து வரிசையாக நடப்பவர்களில் ஓர் ஓரத்தினர் பிந்தினால், வரிசையே அந்தப் பக்கம் திரும்பிவிடும். அலையும் அப்படித்தான்.

ஆனால், கூர்மையாகப் பார்க்க ஏராளமான ஏரியல்கள் வேண்டும். 1977-இல் அலாஸ்காவின் ஷெம்யா தீவில் இயங்கத் தொடங்கிய கோப்ரா டேன் ரேடாருக்கு 15,360 ஏரியல்கள் தேவைப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் அலையைப் பெருக்கவும் தாமதிக்கவும் தனித்தனி உறுப்புகளை இணைத்தால் செலவு என்னாகும்? பெரிய நாடுகளின் இராணுவங்களுக்கே அது எட்டியது.

வழி பிறந்தது 1976-இல். இங்கிலாந்தின் பிளெஸ்ஸி நிறுவனத்தில் பெங்கெலி, டர்னர் என்ற இருவர், காலியம் ஆர்சனைடு என்னும் பொருளாலான ஒரே சில்லில் நுண்ணலைப் பெருக்கி முழுவதையும் அமைத்தனர். 1980-களின் இறுதியில் இத்தகைய சில்லுகளை மலிவாக்க அமெரிக்கப் பாதுகாப்புத் துறை பெரும்பணம் செலவிட்டது. பிறகு சிலிக்கன் சில்லுகளும் வந்தன.

இன்று வீட்டுக் கூரையில் வைக்கும் தட்டையான ஏரியல், வானில் விரையும் செயற்கைக்கோளை அசையாமலே பின்தொடர்கிறது. கம்பி எட்டாத ஊருக்கும் இணையம் வருகிறது. பிரவுன் கண்ட வழி, போர்க்களம் கடந்து எளியவர் வாசலுக்கு வர ஒரு நூற்றாண்டு ஆயிற்று.