முகாமுக்குள் ஒரு பள்ளிக்கூடம்

யோங் பெங் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்த பெரியவர்களுக்கு யாழ்ப்பாணத்துக் கிராணியாரை நினைவிருக்கும். அந்தக் கிராணிமாரில் ஓய்வுபெற்று யாழ்ப்பாணம் திரும்பியவர்களுக்கு அங்கே ‘மலாயன் பென்ஷனியர்’ என்று பெயர். அந்தப் போக்குவரவில் ஈப்போவில் பிறந்த பிள்ளைதான் இலங்கைத் தமிழர் தலைவர் தந்தை செல்வா. பிறந்தது 1898-இல், சிறுவயதிலேயே தெல்லிப்பழைக்குப் போய்விட்டார். இந்த வாரம் அவருடைய மகன் சந்திரஹாசனைப் பார்ப்போம்.

இலங்கையில் தமிழர்களுக்கு எதிராக நடந்த 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு ராமேஸ்வரக் கரையில் படகு படகாக ஆட்கள் வந்து இறங்கினார்கள். 1987-க்குள் ஏறத்தாழ 1,34,000 பேர். பலரும் முதலில் தங்கியது மண்டபம் முகாமில். வெள்ளைக்காரன் காலத்தில், இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றுவதற்கு முன் நோய்த்தடுப்புக்காக நிறுத்திவைத்த அதே முகாம்! நாகப்பட்டினத்தில் கப்பலேறிய நம் பாட்டன்மாரைப் பினாங்குக்கு அருகே ஜெரெஜாக் தீவில் நிறுத்திவைத்தார்களே, அதைப் போன்ற இடம்தான். தேயிலைக்காகப் போனவர்கள் கடந்த வாசல் வழியாகவே அகதிகள் உள்ளே வந்தார்கள்.

வழக்கறிஞரான சந்திரஹாசனும் அப்படி வந்தவர்தான். 1984-இல் சக அகதிகளோடு சேர்ந்து ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தைத் தொடங்கினார். அதன் ஆங்கிலச் சுருக்கமான ‘ஒஃபர்’ என்றால் முகாமில் எல்லோருக்கும் தெரியும். மறு ஆண்டே சோதனை. இலங்கை அரசுக்கும் தமிழ் அமைப்புகளுக்கும் இடையே நடந்த திம்புப் பேச்சு முறிந்ததும், 1985 ஆகஸ்டில் இந்திய அரசு அவரையே நாடுகடத்தி அமெரிக்காவுக்கு விமானம் ஏற்றியது. தமிழகம் கொதித்தது, அவரும் திரும்பி வந்தார்.

அரிசியும் பணக்கொடையும் அரசாங்கம் கொடுத்தது. கழகம் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது படிப்பை. முகாமில் படித்த இளைஞர்களே பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார்கள். சுகாதாரத் தொண்டர்களும் முகாமிலிருந்தே வந்தார்கள். சத்துக் குறைவுக்குச் சுருள்பாசி வளர்க்கவும் கற்றுக்கொண்டார்கள். ஒருநாள் ஊர் திரும்பும்போது கையில் ஒரு சான்றிதழாவது இருக்க வேண்டும் என்பது அவர்கள் போட்ட கணக்கு. எனக்கு அந்தக் கழகத்தின் மேல் மதிப்பு வந்ததே இதனால்தான்.

1991-இல் ராஜீவ் காந்தி கொலை. யாரோ செய்த பாவத்துக்கு முகாம் பிள்ளைகள் தண்டம் கட்டினார்கள். தொண்டு நிறுவனங்கள் முகாமுக்குள் நுழைய முடியவில்லை. கல்லூரிச் சேர்க்கைச் சலுகையும் பறிபோனது; 1996-இல் ஆட்சி மாறிய பிறகே அது திரும்பக் கிடைத்தது.

2004 சுனாமியின்போது நாகப்பட்டினக் கரைக்கு உதவ ஓடியவர்களில் இந்த அகதிகளும் உண்டு. அந்த ஊர்க்காரர்கள் அவர்களை மறந்திருக்க மாட்டார்கள்.

1951-ஆம் ஆண்டின் அகதிகள் ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திடவில்லை. நம் மலேசியாவும் இடவில்லை. ஆனால் தமிழகத்து அரசுப் பள்ளியில் முகாம் பிள்ளைக்கு இடம் கிடைத்தது. இங்கே ரொஹிங்யா பிள்ளை, அகதிகளும் தொண்டர்களும் சேர்ந்து நடத்தும் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது. அரசுப் பள்ளியின் கதவு அதற்குத் திறக்கவில்லை.