மணிக்கூடுகள் ஒன்றுபட்ட வரலாறு

காலம் ஒன்றே, அதனை அளக்கும் கருவிகளோ பல. ஒரு காரியாலயத்திலே பத்துக் கணனிகள் இருப்பின், அவற்றின் மணிக்கூடுகள் பத்தும் தம்முள் வேறுபடுதல் இயல்பு. ஒவ்வொரு கணனியினுள்ளும் அதிர்கின்ற சிறு படிகம் ஒன்றே நேரத்தை எண்ணுகின்றது. அப்படிகம் இலட்சத்தில் ஒரு பங்கு பிழைப்பினும், நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு செக்கன் பிழை நேரும். ஓராண்டில் அஃது ஐந்து நிமிடத்தைக் கடந்துவிடும். இது சிறு பிழையென எண்ணற்க. இரு பதிவுகளுள் எது முந்தியது, எது பிந்தியது என்னும் வினாவுக்கு நேரக்குறிப்பே சான்று. சான்று பொய்ப்பின் ஏடும் பொய்க்கும்.

இவ்விடர் கணனியோடு தோன்றியதன்று. புகையிரதம் வருமுன் இங்கிலாந்திலே ஒவ்வோர் ஊரும் தன் தலைமேற் செல்லும் சூரியனைக் கொண்டே நேரம் கணித்தது. பிறிஸ்டல் நகரின் நேரம் இலண்டன் நேரத்துக்குச் சுமார் 10 நிமிடம் பிந்தியிருந்தது. குதிரை வண்டியிற் சென்றோருக்கு இவ்வேறுபாடு பெரிதாகத் தோன்றவில்லை. புகையிரத அட்டவணைக்கோ அது பெருந்தடையாயிற்று. ஆகவே, கிறேற் வெஸ்ரேண் புகையிரதக் கம்பனி 1840 ஆம் ஆண்டில் இலண்டன் நேரத்தையே தன் நிலையங்கள் யாவற்றுக்கும் உரியதாக்கியது. 1852 இல் கிறீனிச் வானாராய்ச்சி நிலையத்தின் நேரம் தந்திக் கம்பி வழியே பரவலாயிற்று. வலையமைப்பொன்றின் மூலம் மணிக்கூடுகளை ஒன்றுபடுத்தும் முறையின் தொடக்கம் இதுவே எனலாம்.

எனினும் சட்டம் இதனை உடனே ஏற்கவில்லை. 1858 இல் டோர்செஸ்ரர் நகர நீதிமன்றிலே, மன்றின் மணிக்கூடு பத்து மணியைக் காட்டியதும் நீதிபதி வழக்கை அழைத்தார். பிரதிவாதி அங்கில்லாமையாற் தீர்ப்பு வாதிக்குச் சார்பாயிற்று. சற்றுப் பின்னர் வந்த பிரதிவாதி, ஊர் நேரப்படி இன்னும் பத்து மணியாகவில்லை என வாதிட்டார். பத்து மணி என்பது அவ்வூரின் பத்து மணியே என மேல்மன்று அவர் பக்கம் நின்றது. ஒரு மனிதனின் நீதி சில நிமிடங்களிலே தங்கியிருந்த நிகழ்ச்சி இது. 1880 ஆம் ஆண்டுச் சட்டமே இக்குழப்பத்தைத் தீர்த்தது. 1884 இல் வாஷிங்டனிற் கூடிய 25 நாடுகளின் மகாநாடு, கிறீனிச்சை உலகின் தொடக்க நெடுங்கோடாக அங்கீகரித்தது.

கணனிகள் வலையாற் பிணைக்கப்பட்டபோது பழைய இடர் புதுக்கோலத்தில் எழுந்தது. அதற்குப் பெரும் பரிகாரம் கண்டவர் டேவிட் மில்ஸ் என்னும் அமெரிக்க அறிஞர். பிறவியிலேயே கண்ணோயுற்ற இவர், பிற்காலத்திற் பார்வையை முற்றாக இழந்தும் பணியை விட்டாரல்லர். வலையமைப்பு நேர நெறிமுறை 1985 இல் வெளிவந்தது. டெலவெயர் சர்வகலாசாலையில் நெடுங்காலம் பேராசிரியராயிருந்து அதனைச் செம்மைப்படுத்திய இவர், 2024 இற் காலமானார்.

அந்நெறிமுறையின் நுட்பத்தை ஓர் உதாரணத்தால் விளக்குவாம். நம் கணனி, தன் நேரம் 10 மணி 0 செக்கனில் ஒரு வினாவை அனுப்புகின்றது. நேரம் வழங்கும் கணனி அதனைத் தன் நேரப்படி 10 மணி 6 செக்கனிற் பெற்று உடனே மறுமொழி விடுக்கின்றது. மறுமொழி நம்மிடம் சேரும்போது நம் நேரம் 10 மணி 2 செக்கன். போய்வர 2 செக்கனாயின், போவதற்கு 1 செக்கன். ஆகவே வினா அங்கு சேர்ந்தபோது நம் மணிக்கூடு 1 செக்கனைக் காட்டியிருக்கும். அங்கோ 6 செக்கன். எனவே நாம் 5 செக்கன் பிந்தியுள்ளோம். போகும் நேரமும் வரும் நேரமும் சமம் எனக் கொள்வதே இக்கணக்கின் அடிப்படை. அவை வேறுபடின் விடையும் அதற்கேற்பப் பிழைக்கும்.

இதனாலன்றோ ஒரே கணனியை நம்பாது பலவற்றை வினவுதல் விதியாயிற்று. பலவற்றின் கூற்றுக்களை ஒப்புநோக்கி, பெரும்பாலானவற்றோடு இணங்காததைத் தள்ளிவிடுதல் வேண்டும். மேலும், மணிக்கூடு முந்திவிடின் அதனைச் சடுதியாகப் பின்னே தள்ளுதல் தகாது. தள்ளின், பின்னே நிகழ்ந்தது முன்னே நிகழ்ந்ததாகப் பதிவாகும். ஆதலாற் சிறு பிழையாயின் அதன் ஓட்டத்தைச் சற்றே தளர்த்தி, உண்மை நேரம் வந்து சேரும்வரை பொறுத்திருப்பர்.

நம் நாட்டு அனுபவமும் ஈண்டு நினைக்கத்தக்கது. மின்சாரத் தட்டுப்பாட்டால் 1996 இல் இலங்கை நேரம் முன்னகர்த்தப்பட்டது. 2006 இல் மீண்டும் பழைய நேரம் வந்தது. ஊர் மணிக்கூடுகள் மாறிய அந்நாளிலும், வலையிலே சென்ற உலகப் பொதுநேரம் மாறவில்லை. பொதுநேரத்தை உள்ளே காத்து, ஊர் நேரத்தை வெளியே காட்டுதல் கணனியின் முறைமை.

வரலாறு பயிலும் மாணவருக்கு இம்மணிக்கூடுகள் ஒரு பாடம் புகட்டுகின்றன. குற்றமற்ற மணிக்கூடு உலகில் இல்லை. குற்றமற்ற சாட்சியும் இல்லை. ஆயினும் பல சாட்சிகளைக் கேட்டு, அவற்றின் பிழைகளை அளந்து, தம் பிழையையும் ஒப்புக்கொண்டு திருத்துவோர் உண்மையை அணுகலாம். தன் மணிக்கூடே சரியென நிற்பவன் தனித்தே நிற்பான்.